கருத்துக்கு இன்னா பெட்ரோலா ஊத்தணும்?

வா பேராண்டி, குந்து. மூலக்கடை டீக்கடையாண்ட நீயும் உன் தோஸ்துங்களும் கத்திகினு இருந்தது எனக்கும் கேட்டுது. பெருசுக்குக் காது மந்தம்னு என் மருமவ ஊர் பூரா சொல்லி வச்சிருக்குது. அது சொல்றது எனக்குக் கேக்காது, அவ்ளோதான். மத்ததெல்லாம் நல்லா கேக்கும்.

என்ஃபீல்டுகாரன் வுட்டானே சூப்பர் மீட்டியர் 650, அத்தப் பத்தித்தான சண்டை? ஒருத்தன் சொல்றான், "சவுண்டே இல்ல மச்சி, இதெல்லாம் ஒரு என்ஃபீல்டா?" இன்னொருத்தன், "வெயிட்டு ஓவர்." மூணாவது ஆளு, "பின்னாடி ஷாக் அப்சார்பர் கட்டையா இருக்குது, முதுகு பூடும்." நாலாவது ஆளு, "இதுக்கு ஹார்லியே வாங்கிடலாம்"ங்கறான். யாருடா அந்த நாலாவதுன்னு எட்டிப் பார்த்தேன். பிரேக் கட்டை தேஞ்சு போயி, செருப்பைத் தரையில தேச்சு ஸ்கூட்டிய நிறுத்தறானே, அவன். ஹார்லி வாங்கப்போறானாம். வாங்கட்டும், நல்ல மனசு. புதுச் செருப்பும் ஒண்ணு சேத்து வாங்கட்டும்.

எனக்கு உங்க மேல கோவம் இல்ல கண்ணு. சந்தோஷம்தான். வண்டி வாங்கணும்னா லட்சக்கணக்குல துட்டு வேணும், கருத்து சொல்றதுக்கு ஒரு சிங்கிள் டீ போதும். கருத்துக்கு இன்னா பெட்ரோலா ஊத்தணும்? இன்சூரன்ஸ் உண்டா, ஆர்.சி. புக்கு உண்டா, சிக்னல்ல நிறுத்தி ஊதச் சொல்லுவானா? அதனால கருத்து ஓட்டறதுல நம்ம கொடுங்கையூர்க்காரனை அடிச்சுக்க ஆளே கிடையாது. அதுலயும் வண்டியில ஏறாமயே சொல்ற கருத்துக்குத்தான் மைலேஜ் ஜாஸ்தி. ஏறி ஓட்டிட்டா சந்தேகம் வந்துரும். சந்தேகம் வந்தவன் எப்பிடிக் கத்திப் பேசுவான்? ஆகையால நீ எந்த வண்டியையும் ஓட்டிப் பாக்காத. கருத்து கெட்டுப் பூடும்.

"ஒனக்கு இன்னா தெரியும் தாத்தா, நீ எருமை மேய்ச்ச ஆளு"ன்னு மனசுக்குள்ள நெனைக்கறே. மேய்ச்சேன், இல்லன்னு சொல்லல. இந்தக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பேர் போறதுக்கு முன்னாடி வயலும் தண்ணியுமா இருந்த ஊரு. மாடு கறந்து வூடு வூடாப் பால் ஊத்தின ஆளு நான். ஆனா எதுல ஊத்தினேன்னு கேளு. டாரஸ்! டீசல்ல ஓடற புல்லட்டுப்பா. 325 சிசி, 6.5 குதிரைசக்தி. உன் சூப்பர் மீட்டியருக்கு 47. நாப்பத்தேழு குதிரைய வச்சுகினு நீ மணலி ரோட்டுல கண்டெய்னர் லாரி பின்னாடி நிக்கப்போறே. ஆறரைக் குதிரைய வச்சுகினு நான் ரெண்டு பக்கம் பால் கேன், பின்னாடி ஒரு கேன், அதுக்கு மேல புண்ணாக்கு மூட்டையோட வியாசர்பாடி வரைக்கும் போய் வந்தேன். லிட்டர் டீசலுக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொறைஞ்சது கிடையாது. வேகம் போவாதுதான். போவலன்னா இன்னா? பால் குடுத்த எருமைக்கே அவசரம் இல்ல, எனக்கு இன்னா அவசரம்? புகைக்குச் சட்டம் இறுகினதுக்கு அப்பால அந்த வண்டிய நிறுத்திட்டாங்க. இன்னிக்கு அத்த ஒருத்தன் தேடிப் புடிச்சுப் பொட்டியில வச்சுப் பூட்டி, ஞாயித்துக்கெழமை துடைச்சு வக்கறான்னு கேள்விப்பட்டேன். நாங்க வாரத்துக்கு ஒரு தரம் கழுவினதே கேன்ல ஒட்டின பால் நாறக்கூடாதுன்னுதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். உங்க எல்லாருக்கும் பழசு மேல ஒரு ஆசை இருக்குது. 2002-ல பொறந்தவன் "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ங்கறான். எந்தக் காலத்துடா? நீ பொறந்த வருஷம் கம்பெனி தண்டர்பேர்டுன்னு ஒரு குரூசரை வுட்டுச்சு, உனக்கு அந்தக் காலம் அதான். அதுக்கு முன்னாடி இருந்தது எங்க காலம். எங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏங்கியிருக்கலாம் இல்ல?

கேக்கல. நானே சொல்றேன். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும், இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கற ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டு சேந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரமிச்சாங்க. எல்லையில காவல் காக்கற பட்டாளத்துக்கு வண்டி வேணும்னு கவர்மெண்டு ஆர்டர் குடுத்ததுதான் அதுக்கு வழி. மொதல்ல அங்கேர்ந்து பார்ட்டு பார்ட்டா கப்பல்ல வந்து இறங்கும், இங்க முடுக்கி நிறுத்துவாங்க. 1957-ல அச்சு, டூலு எல்லாத்தையும் வாங்கியாந்தாங்க. 1962-க்குள்ள மொத்தப் பார்ட்டும் நம்மூர்லயே செய்ய ஆரமிச்சுட்டாங்க. எங்க? இதோ, தண்டையார்பேட்டை தாண்டினா வர்ற திருவொத்தியூர்ல. வெள்ளைக்காரன் 1970-ல கடைய இழுத்து மூடிட்டுப் பூட்டான். நாம மூடல. 1977-ல அவன் ஊருக்கே நம்ம புல்லட்டை ஏத்தி அனுப்பினோம். அவன் கண்டுபுடிச்ச வண்டிய அவனுக்கே வித்த ஊருடா இது. அத்த வுட்டுட்டு ஹார்லிங்கறான், செருப்பு தேஞ்ச பய. அந்த ஹார்லியும் 2020-ல இந்தியாவுல கடைய மூடறேன்னு சொல்லிட்டு, 2023-ல ஹீரோ கம்பெனி கைய புடிச்சுகினு எக்ஸ் 440-ன்னு திரும்பி வந்துச்சு. ஸ்ப்ளெண்டர் செய்யற வூட்டுலதான் ஹார்லியும் பொறக்குது. இத்த அவனாண்ட சொல்லிடாத, பாவம், தூங்க மாட்டான்.

எங்க தெருவுல ஒருத்தர் அந்த திருவொத்தியூர் கம்பெனியில டேங்குக்குக் கோடு இழுக்கற வேலை பார்த்தாரு. டேங்கோட வளைவுல தங்கக் கலர்ல சன்னமா ஒரு கோடு ஓடும் பார்த்திருக்கியா? அது ஸ்டிக்கர் கிடையாது, கையால இழுக்கறது. இன்னா மாதிரி இழுப்பார்னு ஒரு தரம் எனக்குப் பால் கேன் மேலயே இழுத்துக் காட்டினாரு. மயிர் நீளமா இருக்கற பிரஷ்ஷு. பெயிண்ட்டுல தொட்டு, ஓரத்துல தட்டி, கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல புடிச்சுகினு, சுண்டு வெரலைக் கேன் மேல ஊணிகினாரு. ஸ்கேல் இல்ல, டேப் இல்ல. மூச்சைப் புடிச்சாரு. கை நகரல, உடம்புதான் நகந்துச்சு. கோடு முடிஞ்சதுக்கு அப்பாலதான் மூச்சு வுட்டாரு. கண்ணை இடுக்கிகினு பார்த்தேன், ஒரு நூல் பிசகல. அத்தனை டேங்குக்குக் கோடு இழுத்த மனுசன் ஷிஃப்டு முடிஞ்சா வூட்டுக்கு வந்தது சைக்கிள்ல. புல்லட்டைப் பத்தி அவர் ஒரு கருத்தும் சொல்லி நான் கேட்டதில்ல. "நல்ல டேங்கு"ம்பாரு, அவ்ளோதான்.

இப்ப சவுண்டுக்கு வருவோம். அதான உங்க பெரிய பஞ்சாயத்து?

பழைய புல்லட்டு ஒத்தை சிலிண்டரு. பிஸ்டன் அகலம் 70 மில்லிமீட்டர், மேலயும் கீழயும் போற தூரம் 90. நெட்டையா ஒரு பிஸ்டன், கூட ஒரு பெரிய இரும்புச் சக்கரம். மெதுவாத்தான் சுத்தும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்கும். தொம், தொம், தொம்னு இன்ஸ்பெக்டர் வர்றது ரெண்டு தெரு தள்ளியே தெரிஞ்சுடும். அதனாலதான் எங்க ஏரியாவுல சீட்டாட்டத்துல யாரும் மாட்டினதில்ல. அந்தச் சத்தம் ஊருக்கே காவல் காத்துச்சு, திருடனுக்கும் சேத்து.

ஆனா சத்தம் மட்டுமா வரும்? கூடவே ஆட்டம் வரும். கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி நாலா தெரியும். நம்பர் பிளேட்டு போல்ட்டு தானாக் கழண்டு ரோட்டுல பூடும். கியர் வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. மொத கியர் மேல தூக்கணும், மத்த மூணும் கீழ மிதிக்கணும். ஸ்டார்ட் பண்றது ஒரு பூஜை. சாவிய போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பாத்துகினே கிக்கரை மெதுவா அமுக்கணும். முள்ளு நடுவுக்கு வரசொல்ல நிறுத்தி, டீகம்ப்ரஷன் லிவரைப் புடிச்சு ஒரு நூல் தள்ளி வுட்டு, அப்பால சாமிய கும்பிட்டு முழு மிதி. தப்பான எடத்துல மிதிச்சியோ, கிக்கர் திருப்பி மிதிக்கும். கணுக்கால்ல கட்டு போட்டுகினு ஒருத்தன் நொண்டினா, "இன்னா, புல்லட்டு வாங்கிட்டியா?"ன்னுதான் கேப்பாங்க.

இதெல்லாம் வேணுமா உனக்கு? வேணாம். பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆவணும், கை மரத்துப் போவக்கூடாது, ஆயில் ஒரு சொட்டு தரையில விழக்கூடாது. ஆனா பாக்கறதுக்கு மட்டும் பழசா இருக்கணும். தாத்தா மூஞ்சி வேணும், தாத்தாவோட இருமல் வேணாம். கம்பெனிக்காரன் புத்திசாலி, அதத்தான் செஞ்சு குடுத்தான். 2020 நவம்பர்ல மீட்டியர் 350 வந்துச்சே, அதுல அவன் இஞ்சினையே மாத்திட்டான். 72-க்கு 85.8, 349 சிசி, உள்ள ஒரு பேலன்சர் ஷாஃப்டு. ஆட்டத்தை அது வாங்கி முழுங்கிடுது. சூப்பர் மீட்டியர்ல இன்னும் ஒரு படி மேல: 648 சிசி, ரெண்டு பிஸ்டன், ஆறு கியர். ரெண்டும் 270 டிகிரி தள்ளி அடிக்குது, அதான் சத்தம் ஒரு மாதிரி கனமா, ஆனா அடக்கமா வருது. அந்த அடக்கம்தான் உங்களுக்குப் புடிக்கல. "கேரக்டர் பூச்சு தாத்தா"ங்கறே. ஆமா கண்ணு, நட்டு கழண்டு விழறதுக்குப் பேரு அப்ப ரிப்பேரு, இப்ப கேரக்டரு.

இந்த மீட்டியர் வம்சத்தைப் பத்தியும் யாரும் பேசல. 1950-கள்ல ரெட்டிச்சுக்காரன் மீட்டியர் 700-னு ஒரு வண்டி வுட்டான், அப்பால அதுக்குத் தம்பியா சூப்பர் மீட்டியர். பேருதான் 700, உள்ள 692 சிசி. அது இன்னா கணக்குன்னா, ரெண்டு 350 புல்லட்டை ஒண்ணாச் சேத்த கணக்கு. அதே 70, அதே 90. இன்னிக்கு வந்திருக்கற பேரன் அந்தத் தாத்தாவை வுட 44 சிசி கொறைச்சல். இத்த நாளைக்கு டீக்கடையில எடுத்து வுடு. ரெண்டு நாளைக்கு எவனும் உங்கிட்ட வாய் தொறக்க மாட்டான். கருத்துன்னா இப்பிடி இருக்கணும், ஒருத்தனுக்கும் பிரயோஜனப்படக்கூடாது.

"பழைய சத்தத்தைத் திருப்பிக் கொண்டாறேன்"னு ஒரு பய சைலன்சரை மாத்திகினு வந்தான் போன வாரம். கம்பெனியில எத்தனையோ இஞ்சினீருங்க வருஷக்கணக்குல உக்காந்து அடக்கின சத்தத்தை, புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைக்குப் போயி ஒரு மத்தியானத்துல அவுத்து வுட்டுட்டான். தெருவுல கைக்கொழந்தை இருக்குது, நைட்டு ஷிஃப்டு பார்த்துட்டு ஹார்பர்லேர்ந்து வந்து பகல்ல தூங்கறவன் இருக்கறான். இவன் போனா தீபாவளி வந்த மாதிரி எல்லாரும் எழுந்து குந்திகறாங்க. அப்பால டிராபிக் போலீஸ் புடிச்சு ஃபைன் போட்டா, "என் பேஷனை மதிக்கல"ன்னு அழுவான். மதிச்சாங்கடா. ரசீது போட்டு மதிச்சாங்க.

இன்னும் கொஞ்சம் குந்து, போன்ல இன்னாத்த தேய்ச்சுகினு இருக்கறே? இந்தக் குரூசர் வண்டி எதுக்குன்னு பொறந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல ரோடு நேரா போவும், மணிக்கணக்குல வளைவு வராது. அதுக்குத்தான் ஸீட்டைத் தாழ வச்சு, காலை முன்னாடி நீட்டி, கைய அகலமா விரிச்சு, சாஞ்சுகினு போற மாதிரி செஞ்சான். நம்மூர்ல நேரான ரோடு எது? ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அடுத்த ஸ்பீடு பிரேக்கருக்கும் நடுவுல இருக்கறது. மூலக்கடையில மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு நிக்குது, பஸ்ஸே கோணிகினு போவுது. எண்ணூர் பக்கம் போனா பேரே விரைவுச் சாலை. அங்க டிரெய்லரு ஹார்பர் கேட்டைப் பாத்துகினு வரிசையில நின்னு, டிரைவருங்க கீழ எறங்கி சோறாக்கி சாப்பிட்டுட்டு மறுபடி ஏறுவானுங்க. அந்த வரிசைக்கு நடுவுல நீ காலை முன்னாடி நீட்டிகினு சாஞ்சு உக்காந்திருக்கறதை நெனைச்சுப் பார்த்தேன். சிரிப்பு வரல, சலூன்ல முடி வெட்ட குந்தின ஆளு ஞாபகம்தான் வந்துச்சு.

அப்பறம் உசரம். சூப்பர் மீட்டியருக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற எடம் 135 மில்லிமீட்டர். அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல. நம்ம தெருவுல ஸ்பீடு பிரேக்கர் எவன் அளந்து போட்டான்? கான்ட்ராக்டர் மீந்த ஜல்லிய எங்க கொட்டினானோ அதான் பிரேக்கரு. மேல மழைத்தண்ணி நின்னா குழி எது மேடு எதுன்னு குப்பை லாரிக்காரனுக்கே தெரியாது, அவன் தினம் போறவன். அதே கம்பெனியோட மீட்டியர் 350-க்கு 170 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர்ல இன்னா இருக்குதுன்னு கேக்காத. அடியில ஒரு தரம் 'கிர்ர்'னு தேயசொல்ல உன் நெஞ்சுல தெரியும், இன்னா இருக்குதுன்னு.

எடைக்கு வா. 241 கிலோ. ஹைவேயில அது சொகம், காத்து அடிச்சாலும் வண்டி அலையாது. உன் வூட்டுச் சந்து இன்னா ஹைவேயா? எதிர்ல ஒரு சைக்கிள் வந்தா ஒருத்தன் வாசப்படி ஏறி நிக்கணும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல மட்டும் 1500 மில்லிமீட்டர். ரிவர்ஸ் கிடையாது. காலைல மெட்ரோ வாட்டர் லாரி வந்து ஹாரன் அடிப்பான், வண்டிய எடுன்னு. நீ ஒரு கையில ஹேண்டில்பாரும் ஒரு கையில லுங்கியும் புடிச்சுகினு பின்னாடி உந்துவே. அது நகராது. எதிர்வூட்டு அம்மா இடுப்புல குடத்தை வச்சுகினு நின்னு நெதானமாப் பார்த்துட்டு, "இன்னாப்பா, புது வண்டி ஸ்டார்ட் ஆவலியா?"ன்னு கேக்கும். நாலு லட்சம் ரூபா வண்டியப் பத்தி உன் தெருவுல மொதல்ல வர்ற கருத்து அதாத்தான் இருக்கும்.

நாலு லட்சம்னு சொன்னேனா? 2023 ஜனவரியில எறங்கசொல்ல ஷோரூம் விலை சுமார் மூணரை லட்சம். அப்பால வரி மாறிச்சு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசி வரைக்கும் இருக்கற வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதுக்கு மேல போனா 40. முன்னாடி ரெண்டுக்கும் நடுவுல 3 சதவீதம்தான் வித்தியாசம். இப்ப 350 தாண்டினியோ, நீ பணக்காரன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுது. உங்க அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. மீட்டியர் 350-ல 349 சிசி இருக்குது பார், ஒரே ஒரு சிசி தள்ளி உக்காந்துகினு வரிக்காரனைப் பார்த்து சிரிக்குது. என் கணக்குக்கு அந்த ஒரு சிசிதான் மொத்த வண்டியிலயும் நல்ல இஞ்சினீரிங்.

லோன் போட்டு வாங்கினவனைப் பார்த்திருக்கியா? வாங்கறதுக்கு முன்னாடி ஊரெல்லாம் கருத்து சொன்னவன், வாங்கினதுக்கு அப்பால கப்சிப். குறை சொன்னா, "அப்பறம் ஏண்டா வாங்கினே?"ன்னு கேட்டுடுவாங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னா, "அப்ப ஒரு ரவுண்டு குடு"ம்பாங்க. ஆகையால ஒண்ணியும் சொல்லாம, ஞாயித்துக்கெழமை விடியக்கால எழுந்து, சித்திரை வெயில்லயும் முட்டி, முழங்கை எல்லாம் கவசம் வச்ச ஜாக்கெட்டைப் போட்டுகினு பழவேற்காட்டுக்குக் கிளம்பிடுவான். இன்னாத்துக்குன்னா, நாஸ்தாவுக்கு. நம்ம தெருமுனையில சுடச்சுட இட்லி அஞ்சாறு ரூபாய்க்கு விக்கறாங்க. இவன் பொன்னேரி தாண்டிப் போயி அதே இட்லிய தின்னுட்டு, வண்டிக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துகினு வருவான். வரட்டும். தெருமுனை இட்லிக்காரம்மா கண்ணுல மட்டும் பட்டுடக்கூடாது, அவ்ளோதான்.

உன் தோஸ்துங்கள்ல ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கறானே ஒரு ஒல்லிப் பய, அவன் மட்டும் சண்டையில கலந்துக்கல பார்த்தியா? நம்ம வடசென்னையில அது ஒரு தனி மதம். 98 சிசி, 1996-லயே நிறுத்தின வண்டி. ஆனா அத்த ராத்திரி சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில கட்டித்தான் தூங்கறான். அவன்கிட்ட போயி சூப்பர் மீட்டியர் எப்பிடின்னு கேட்டேன். "படுத்துகினு ஓட்டறதுக்கு வூட்டுல பாய் இருக்குது தாத்தா"ன்னான். கருத்து சொல்ல வயசு எதுக்கு?

ஜாவாக்காரனும் பழசைத் தோண்டி எடுத்துகினு 2018-ல வந்தான். எங்க காலத்துல அது மைசூர்ல செஞ்சாங்க, 1961-லேர்ந்து. கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணே, மடக்கி வுட்டா அது, தூக்கினா இது. புதுசுல அதெல்லாம் இல்ல. ஹோண்டாவும் 2020-ல 350-ல ஒண்ணு கொண்டாந்து நிறுத்தினான். ஜப்பான்காரன் கூட நம்ம தாத்தா மூஞ்சிய வரைய ஆரமிச்சுட்டான்னா திருவொத்தியூருக்கு அதுக்கு மேல இன்னா விருது வேணும்? 2000 வாக்குல இதே என்ஃபீல்டு நிக்குமா, வித்துடலாமான்னு அதோட முதலாளி ஐஷர்காரங்க யோசிச்சாங்க. இருபத்தி சொச்சம் வயசுல சித்தார்த்த லால்னு முதலாளி வூட்டுப் புள்ள பொறுப்பெடுத்து, 2009-ல கிளாசிக்னு பழைய மூஞ்சியோட ஒரு வண்டிய வுட்டதுக்கு அப்பாலதான் பொழச்சுது. அப்பால ஒரகடத்துல 2013-ல பெரிய தொழிற்சாலை, வல்லம் வடகால்ல இன்னொண்ணு. வண்டி ஜாஸ்தியா எறங்கறதெல்லாம் இப்ப அங்கதான். நம்ம பக்கத்துப் புள்ளைங்க வேலைக்குப் போவணும்னா விடியக்கால கம்பெனி பஸ்ஸு புடிக்கணும். வண்டி பொறந்த ஊர்ல அதைப் பத்திக் கருத்து மட்டும் தங்கிடுச்சு.

நீ இன்னா நெனைக்கறேன்னு தெரியுது. "பெருசு ஓட்டிப் பாக்காமயே கொறை சொல்லுது." அதான் இல்ல. ரேஷன் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு நாள் ஷோரூம் பக்கம் போனேன். வேட்டிய மடிச்சுக் கட்டிகினு, மஞ்சப் பையோட. உள்ள இருந்த பையன் மொதல்ல தண்ணி கேக்க வந்தேன்னு நெனைச்சான். ஸீட்டு உசரம் 740 மில்லிமீட்டர்தான், என் மாதிரி மூட்டு வலிக்காரனுக்கு செஞ்ச மாதிரி. காலைத் தூக்கிப் போட்டு குந்தினேன். ரெண்டு பாதமும் தரையில முழுசா பதிஞ்சுது. டேங்கு மேல கைய வச்சேன், பெயிண்ட்டு தண்ணி மாதிரி வழுக்குது. இன்னா வேலைப்பாடு! முன்னாடி தடியா தலைகீழ் ஃபோர்க்கு, எல்.இ.டி. லைட்டு, வழி காட்டறதுக்குத் தனியா ஒரு குட்டி வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்து, "கொடுங்கையூர் போவ வழி காட்டுமா?"ன்னு கேட்டேன். "எங்க வேணா காட்டும் சார்"ன்னான். குப்பைமேட்டு வாசனையே காட்டிடும், அதுக்கு எதுக்கு மிஷினுன்னு மனசுல நெனைச்சுகினேன். குந்தினது சொகம்தான். எறங்கத்தான் ரெண்டு பேர் வந்தாங்க.

ஆகையால ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், கேட்டுக்கோ. நல்ல வண்டி அது. சவுண்டு இல்லன்னு சொன்னவன் சும்மா சொல்றான். வெயிட்டுன்னு சொன்னவன் பாதி சரி, ஹைவேயில தப்பு, சந்துல சரி. ஹார்லிக்காரனை வுட்டுடு. உருப்படியா பேசினவன் அந்த மூணாவது ஆளுதான், பின்னாடி ஷாக் அப்சார்பர்னான் பாரு. ஓட்டினவங்க பல பேர் அதத்தான் சொன்னாங்க, பின்னாடி கட்டை, நம்ம ரோட்டுக் குழி நேரா இடுப்புக்கு வருதுன்னு. வண்டிய வாங்கறவன் முன்னாடி குந்தறான், கருத்து சொல்றான். பின்னாடி குந்தறது பொண்டாட்டி, அம்மா, ஆயா. அவங்கள எவனும் ஒரு வார்த்தை கேக்கல.

அதனால ஒண்ணு பண்ணு. டெஸ்ட் ரைடு குடுக்கறான் இல்ல, வாங்கியா. உங்க ஆயாவைப் பின்னாடி ஏத்திக்கோ. மூலக்கடையில ஆரமிச்சு எருக்கஞ்சேரி வழியா எம்.கே.பி. நகர் வரைக்கும் போய்த் திரும்பு, குழியத் தேடிப் போவ வேணாம், அதுவே வரும். ஆயா எறங்கி நின்னு உன்னை இன்னா திட்டுதோ, அத்த ஒரு பேப்பர்ல எழுதி டீக்கடையில ஒட்டு. 650 ஹைவே வச்சிருக்கறவனுக்கு, நமக்கு இல்ல. கட்டாயம் வாங்கித்தான் தீருவேன்னா 350-ஐ எடு, சைலன்சர்ல கைய வைக்காத. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி லோன் பேப்பரை என்னாண்ட கொண்டாந்து காட்டு. வட்டி எத்தனைன்னு நான் படிச்சுச் சொல்றேன்.